விமானம் வாங்குவது இருக்கட்டும், முதலில் அணைகளை அளந்து பாருங்கள்

தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கும், தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா அரசுகளின் வனத்துறை, நீர்வளத்துறை, மீன்வளத்துறை அதிகாரிகளுக்கும் ஒரு திறந்த மடல்.

வணக்கம்.

கடலூரிலிருந்து எழுதுகிறேன். மாசி பிறந்தால் மேற்கே எங்காவது மலை எரிகிற செய்தி வந்துவிடுகிறது. இரண்டு நாள் கழித்து, சூலூரிலிருந்து விமானப்படை ஹெலிகாப்டர் வந்து தண்ணீர் ஊற்றுகிற படம் வரும். அதே நாளில் வாட்ஸ்அப்பில் கிரீஸிலோ பிரான்ஸிலோ எடுத்த ஒரு வீடியோவும் சுற்றும். மஞ்சளும் சிவப்புமாக ஒரு விமானம் கடலில் வயிற்றைத் தேய்த்துத் தண்ணீரை அள்ளிக்கொண்டு மேலே ஏறும், எரிகிற காட்டின் மேல் மொத்தமாகக் கொட்டும். அதன் கீழே ஆளாளுக்கு "நம்மிடம் ஏன் இது இல்லை?" என்று கேட்டிருப்பார்கள்.

நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது, அதை யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை. அந்த விமானம் நாளைக்கே நம்மிடம் வந்து நின்றால், பங்குனி வெயிலில் எந்தத் தண்ணீரில் இறங்கி அள்ளும்? அந்த இடத்தில் அன்றைக்கு எத்தனை அடி ஆழம் இருக்கும்? குறுக்கே கம்பி போகிறதா, வலை கட்டியிருக்கிறதா, பட்டமரம் நிற்கிறதா? இதற்குப் பதில் சொல்லும் ஒரு பட்டியல் உங்களிடம் இருந்தால் வெளியிடுங்கள். இல்லையென்றால் தயாரியுங்கள். இந்த மடலே அதற்காகத்தான்.

கடலோரத்தில் இருக்கிறவனுக்கு மலைத்தீயைப் பற்றி என்ன கவலை என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் ஊரில் கடலில் சேருகிற தென்பெண்ணை சாத்தனூர் அணையைத் தாண்டித்தான் வருகிறது. 2024 டிசம்பரில், பெஞ்சல் புயல் முடிந்த கையோடு, அந்த அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி திறந்துவிட்டபோது கரையோர ஊர்களெல்லாம் மூழ்கின. மேலே காடு இருந்தால்தான் மழைத்தண்ணீர் மண்ணில் இறங்கி நிதானமாக வரும். காடு எரிந்து மொட்டையானால் மண்ணோடு சேர்ந்து ஒரேயடியாக வரும், அணையும் தூர்ந்துபோகும். ஜவ்வாது மலையில் தீப்பிடித்தால் அது எங்கள் ஆற்றின் பிரச்சினையும்தான்.

இன்னொன்றும் உண்டு. பண்ருட்டிப் பக்கம் என் மாமாவுக்கு முந்திரித் தோப்பு இருந்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்துப் பழைய மரமெல்லாம் வேரோடு சாய்ந்து, அதன்பிறகு கடன் வாங்கி நட்ட கன்றுகள் காய்ப்புக்கு வந்த நேரத்தில் ஒரு கோடையில் தீப்பிடித்தது. முந்திரிச் சருகு எப்படி எரியும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். தடித்த இலை, கணுக்கால் உயரத்துக்குக் காய்ந்து கிடக்கும். தீ மேலே எழாமல் அதற்குள்ளேயே ஊர்ந்துபோய், நாம் நிற்கிற இடத்துக்குப் பின்னால் கிளம்பும். கீழே கிடந்த கொட்டைகள் ஒவ்வொன்றாக வெடித்து, தோட்டிலிருக்கும் எண்ணெய் கரும்புகையாகப் போனது. பச்சைக் கிளைகளை ஒடித்து அடித்தே அணைத்தோம், அத்தையின் முழங்கை வரை கொப்புளம். வண்டி வந்தபோது மணல் பாதையில் பாதி தூரத்திலேயே நின்றுவிட்டது. அந்தத் தீக்கு விமானம் கேட்கவில்லை, அது விமானத்துக்கான தீயே இல்லை. தீயை அணைக்க வருகிறவர்களுக்கு எது குறைகிறது என்பதை அன்றைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சரி, விமானத்துக்கு வருவோம்.

என் அக்காவைக் கட்டிக்கொடுத்தது புதுச்சேரியில் ஒரு சொல்தா குடும்பத்தில், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களின் குடும்பத்தில். இப்போது மார்செய் நகருக்குப் பக்கத்தில், பெர் ஏரிக்கரையில் இருக்கிறார்கள். கடலோடு சேர்ந்த பெரிய உப்பேரி அது. அங்கே போயிருந்தபோது ஒரு மாலையில் வடக்கே மலைக்குப் பின்னால் புகை தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் ஏரியில் இருந்த பாய்மரப் படகுகளெல்லாம் யாரும் சொல்லாமலே நடுவை விட்டுக் கரையோரம் ஒதுங்க ஆரம்பித்தன. அங்கே அது எல்லோருக்கும் தெரிந்த ஒழுங்கு. கனடேர் என்று அவர்கள் சொல்கிற தீயணைப்பு விமானம் வருகிறதென்றால் நடுத்தண்ணீரை விட்டுவிட வேண்டும். மச்சானும் எங்கள் சின்னப் படகைக் கரைக்குத் திருப்பினார்.

முதல் விமானம் தாழ வந்தது. அடிவயிறு தண்ணீரைத் தொட்டதும் நின்றுவிடும் என்றுதான் தோன்றும், ஆனால் நிற்கவில்லை. மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் வழுக்கிக்கொண்டே போக, பின்னால் வெள்ளையாக நீர் விசிறியது. அடிப்பகுதியில் சின்னதாக இரண்டு உறிஞ்சுவாய்களை விமானி கீழே இறக்குகிறார், பம்பு எதுவும் கிடையாது, ஓடுகிற வேகத்திலேயே தண்ணீர் தானாக உள்ளே பாய்ந்து தொட்டி நிறைகிறது. 12 விநாடி. இன்ஜின் சத்தம் கனத்தது, மெதுவாக எழுந்தது, அடியிலிருக்கும் கதவுகளின் இடுக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே எங்கள் தலைக்கு மேல் போனது. பின்னாலேயே இரண்டாவது, மூன்றாவது. திரும்பத் திரும்ப வந்தன. இருட்டத் தொடங்கியதும் நின்றுவிட்டன, ஏனென்றால் அவை இரவில் இந்த வேலை செய்வதில்லை.

அது சிஎல்-415 என்ற வகை, கனடாவில் செய்தது. 6 ஆயிரம் லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். இதன் முன்னோடியான சிஎல்-215 முதலில் பறந்தது 1967-இல். வேண்டுமென்றால் அள்ளிய தண்ணீரில் நுரைக் கரைசலைக் கலந்துகொள்ளும் வசதி உண்டு. தீக்கும் தண்ணீருக்கும் 10, 11 கிலோமீட்டர்தான் இடைவெளி என்றால் ஒரு மணி நேரத்தில் ஒன்பது தடவை வரை போய்வரலாம் என்று கணக்குச் சொல்கிறார்கள், அதாவது ஒரே விமானம் மணிக்கு 50 ஆயிரம் லிட்டருக்கு மேல். ரஷ்யாவின் பி-200 ஜெட் விமானம் ஒரு தடவைக்கு 12 டன் எடுக்கும். சீனாவும் அதே அளவு எடுக்கிற ஏஜி600 என்ற விமானத்தைச் செய்து 2017-இல் பறக்கவிட்டது.

நம் பக்கம் ஓர் எண்ணை வைத்துப் பார்ப்போம். 2024 மார்ச்சில் குன்னூர் காட்டுத்தீயின்போது விமானப்படையின் எம்ஐ-17 வி5 ஹெலிகாப்டர் வாளியில் மொண்டு ஊற்றிய தண்ணீர் 16 ஆயிரம் லிட்டருக்கு மேல் என்று சொன்னார்கள். சிஎல்-415 மூன்று தடவை அள்ளினால் அந்த அளவைத் தாண்டிவிடும். இதை ஹெலிகாப்டர்காரர்களைக் குறைத்துச் சொல்வதற்காக எழுதவில்லை. அவர்கள் செய்வது மிகக் கடினமான வேலை. மலைக்கு நடுவே சின்னக் குட்டை இருந்தால்கூடப் போதும், அவர்களால் மொள்ள முடியும், குறுகலான பள்ளத்தாக்குக்குள் நுழைந்து குறிப்பிட்ட மரத்தின் மேல் ஊற்ற முடியும். இறக்கை வைத்த விமானத்தால் அது முடியாது. இரண்டும் வேறு வேறு வேலை.

இந்த விமானத்துக்கு வேண்டியது நீளமான தண்ணீர். தாழ்ந்து வந்து, தொட்டு, அள்ளி, பாதுகாப்பான உயரத்துக்கு எழும்ப ஏறக்குறைய 1.3 கிலோமீட்டர் தடையில்லாமல் வேண்டும். ஆழம் 1.8 மீட்டராவது, அதாவது ஆறடி வேண்டும். அலை அதிகம் இருக்கக்கூடாது. உலகத்தில் இந்த விமானங்கள் நன்றாக வேலை செய்கிற இடங்களைப் பாருங்கள். கனடாவில் காட்டுக்குள்ளேயே ஆயிரக்கணக்கான ஏரிகள், மத்தியதரைக் கடலோரத்தில் காடும் கடலும் பக்கத்துப் பக்கத்தில். நமக்கு அப்படி அமையவில்லை. நம் காடு எரிகிற பிப்ரவரி முதல் ஜூன் வரையிலான மாதங்கள்தான் நம் ஏரி குளங்கள் வற்றுகிற மாதங்களும்.

எங்கள் வீராணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பதினான்கு கிலோமீட்டர் நீளம், சோழர் வெட்டியது, மேலிருந்து பார்த்தால் விமானத்துக்கென்றே அமைந்ததுபோல் இருக்கும். முழுக் கொள்ளளவு 47.50 அடி என்று தினமும் பத்திரிகையில் போடுகிறார்கள். அந்த 47.50 என்பது கடல் மட்டத்திலிருந்து கணக்கு, ஆழம் இல்லை. 1.465 டி.எம்.சி. தண்ணீரை அந்த ஏரியின் பரப்பு முழுக்கப் பரப்பிப் பாருங்கள், நிரம்பி வழிகிற நாளில்கூடச் சராசரி ஆழம் ஓர் ஆள் உயரத்தைத் தாண்டாது. வடவாறு வழியாகக் கொள்ளிடத்து வண்டல் வந்து படிந்துகொண்டே இருக்கிறது. கோடையில் லால்பேட்டைப் பக்கம் போனால் தண்ணீர் பின்வாங்கிய இடத்தில் ஆடு மேயும். வெளியூரிலிருந்து வரும் ஒரு விமானி வரைபடத்தைப் பார்த்து, நீளத்தை நம்பி இங்கே இறங்கினால் என்ன ஆகும்? இதைத்தான் அளக்கச் சொல்கிறேன். மாதாமாதம், முக்கியமாக மார்ச், ஏப்ரல், மே மாதங்களில், எந்தப் பகுதியில் எத்தனை அடி என்று.

சென்னைக்குப் போகிற குடிநீரை விமானம் அள்ளிவிடும் என்று யாராவது கிளப்புவார்கள், அதற்கும் பதில் வைத்துக்கொள்ளுங்கள். வீராணத்திலிருந்து சென்னைக்கு நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் கொண்டுபோகத்தான் திட்டமே போடப்பட்டது. விமானம் நாள் முழுக்க அள்ளினாலும் அதில் ஒரு மூலைக்குக் காணாது.

வீராணத்துக்குப் பக்கத்தில் மலை இல்லை, அதனால் இதை ஓர் உதாரணமாகத்தான் சொன்னேன். உண்மையில் பார்க்க வேண்டியவை வேறு. சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தை ஒட்டியே பவானிசாகர் இருக்கிறது. மேகமலைக்கும் போடி மலைக்கும் எட்டுகிற தூரத்தில் வைகை அணை. ஜவ்வாது மலைக்குச் சாத்தனூர். மேட்டூர் இருக்கிறது, அது எவ்வளவு இறங்கினாலும் நடுவில் நீளமான தண்ணீர் நிற்கும் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் நான் நினைப்பதை வைத்து விமானம் இறக்க முடியாது, அளந்த கணக்கு வேண்டும். நீலகிரியின் மின்வாரிய அணைகள் மலைகளுக்கு நடுவே குறுகலாக வளைந்து கிடக்கின்றன, அங்கே ஹெலிகாப்டர்தான் சரிப்படும் என்று முடிவு வரலாம். வரட்டும், அதுவும் தெரிய வேண்டிய விஷயம்தானே. கடலில் அள்ளலாமே என்று எங்கள் ஊர்ப் பையன்கள் கேட்கிறார்கள். அமைதியான நாளில் முடியும், ஆனால் வங்கக் கடலில் கரையோர அலையும், விடியற்காலையிலிருந்து நிற்கும் படகுகளும், கண்ணுக்குத் தெரியாத வலைகளும் இருக்கின்றன. தவிர உப்புத்தண்ணீர் பட்ட விமானத்தை ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரில் கழுவியாக வேண்டும்.

மீனவர்களை இந்த வேலையில் முதல் நாளிலிருந்தே சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கேரளாவில் 2013-இல் அஷ்டமுடிக் காயலில் கடல்விமானச் சேவை தொடங்கியபோது மீனவர்கள் எதிர்த்தார்கள், சேவை நடக்கவில்லை. சுற்றுலாப் பயணிகளுக்காகத் தங்கள் தண்ணீரை மூடுகிறார்கள் என்று அவர்களுக்குப் பட்டது, அவர்கள் பயம் நியாயமானது. தீயணைப்பு அப்படி இல்லை, வருஷத்தில் சில நாட்கள்தான். ஆனால் அந்தச் சில நாட்களில் பவானிசாகரில் பரிசல் போடுகிறவருக்குக் கூலி போகும், வலை அறுந்தால் நஷ்டம் வரும். அதற்கு என்ன தொகை, யார் கொடுப்பது, எத்தனை நாளில் கொடுப்பது என்று முன்கூட்டியே எழுத்தில் இருக்கட்டும். தீப்பிடித்த பிறகு போலீஸை விட்டுக் கரையில் விரட்டாதீர்கள்.

விமானம் வந்தால் எல்லாத் தீயும் அணைந்துவிடும் என்ற நம்பிக்கையையும் நீங்கள் மக்களுக்குக் கொடுக்கக்கூடாது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் மலையேறப் போன பிள்ளைகள் தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அன்றைக்கு இந்த விமானம் இருந்திருந்தால் என்று பலர் எழுதினார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. காய்ந்த புல்லில், சரிவில், காற்றோடு தீ மேலேறிய வேகத்துக்கும், சீக்கிரமே கவிந்த இருட்டுக்கும் எந்த விமானமும் ஈடுகொடுத்திருக்காது. அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கக்கூடியது, தீ எரிகிற பருவத்தில் அந்தப் பாதையை மூடியிருப்பது. ஊருக்குள் எரிகிற தீக்கும் இது ஆகாது. 2019 ஏப்ரலில் பாரிஸ் நோத்ர்தாம் தேவாலயம் எரிந்தபோது, விமானத்தில் தண்ணீர் கொட்டுங்கள் என்று அமெரிக்க அதிபர் டிரம்ப் யோசனை சொன்னார், அப்படிக் கொட்டினால் கட்டடமே சரிந்துவிடும் என்று பிரெஞ்சுக்காரர்கள் பதில் சொன்னார்கள். ஆறு டன் தண்ணீர் ஒரே நேரத்தில் விழுந்தால் நம் குடிசைகள் என்ன ஆகும்?

ஓட்டுகிறவர்களுக்கும் இது உயிரைப் பணயம் வைக்கிற வேலை. 2021 ஆகஸ்டில் துருக்கியில் ஒரு பி-200 விழுந்து அதிலிருந்த எட்டுப் பேரும் இறந்தார்கள். 2023 ஜூலையில் கிரீஸின் எவியா தீவில் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் திரும்பிய சிஎல்-215 மலையில் மோதி இரண்டு விமானிகளும் போனார்கள். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் தீயில் வேலை செய்துகொண்டிருந்த, கனடாவின் கியூபெக் மாகாணத்து சிஎல்-415 விமானத்தின் இறக்கையில் யாரோ பறக்கவிட்ட டிரோன் மோதி ஓட்டை விழுந்து, ஊர் எரிகிற நேரத்தில் அது தரையில் நின்றது. புதுச்சேரிக் கடற்கரையிலும் பிச்சாவரத்திலும் டிரோன் விடுகிற தம்பிகள் இதைப் படித்தால், தீ எரிகிற இடத்தில் தயவுசெய்து எதையும் பறக்கவிடாதீர்கள்.

பணம். கிரீஸ் 2024-இல், சிஎல்-415-க்கு அடுத்த வகையான புதிய டிஎச்சி-515 விமானங்கள் ஏழுக்கு சுமார் 36 கோடி யூரோ ஒப்பந்தம் போட்டது. நம் பணத்தில் ஒன்று 450 கோடி ரூபாய்க்கு மேல் வரும். சிஎல்-415 உற்பத்தி 2015-இலேயே நின்றுவிட்டது, புதியதற்கு ஐரோப்பிய நாடுகள் முன்னாலேயே வரிசையில் நிற்கின்றன. ஆக நாளைக்குக் கையெழுத்துப் போட்டாலும் கைக்கு வர வருஷங்கள் ஆகும். தண்ணீரில் இறங்கி ஏறக்கூடிய ஜப்பானின் யுஎஸ்-2 விமானத்தை நம் கடற்படைக்கு வாங்கும் பேச்சு 2013 வாக்கிலேயே ஆரம்பித்தது, பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் கைகூடவில்லை. இப்படி இழுத்துக்கொண்டே போவதைவிட, மிதவைக்கால் வைத்த ஃபயர் பாஸ் போன்ற ஒற்றை இன்ஜின் விமானத்தை வாடகைக்கு எடுத்து ஒரு கோடைக்கு ஓட்டிப் பார்க்கலாம். 3 ஆயிரம் லிட்டர்தான் பிடிக்கும், ஆனால் சின்ன விமானம், செலவும் குறைவு, நம் அணைகளுக்கு அது பொருந்தும் என்றுதான் எனக்குப் படுகிறது.

எதுவானாலும் ஒரு மாநிலம் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் ரெஸ்க்-ஈயூ என்று ஏற்பாடு செய்து, விமானங்களைப் பொதுவில் வைத்து, எந்த நாடு எரிகிறதோ அங்கே அனுப்புகிறது. பந்திப்பூரில் பிடித்த தீ முதுமலைக்கும் வயநாட்டுக்கும் மாநில எல்லை பார்த்துப் பரவுவதில்லை. தென்மாநிலங்கள் சேர்ந்து இரண்டு விமானம் வைத்துக்கொண்டால் போதும். அழைப்பு யாரிடமிருந்து வர வேண்டும், யார் அனுமதி தர வேண்டும் என்பதை மட்டும் தெளிவாக எழுதிவையுங்கள். இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோளில் தீயைப் பார்த்து மாவட்ட அதிகாரியின் கைப்பேசிக்கே எச்சரிக்கை அனுப்புகிறது, அங்கிருந்து கோப்பு நகர்ந்து விமானம் கிளம்புவதற்குள் ஐந்து ஏக்கர் தீ ஐந்நூறு ஏக்கர் ஆகிவிட்டால் எந்த விமானத்தாலும் பிரயோஜனம் இல்லை. சின்னத் தீயாக இருக்கும்போதே அடிப்பதற்குத்தான் இந்த விமானங்கள்.

கடைசியாக, இதற்கான பணத்தைத் தீக்காவலர்களின் கூலியில் கைவைத்து எடுக்காதீர்கள். தண்ணீர் கொட்டினால் தீ தணியும், சாம்பலுக்கு அடியில் கனலுகிற வேரையும் கட்டையையும் தோண்டி அணைப்பது மனிதன்தான். தீத்தடுப்புக் கோடு வெட்டுகிறவர்களும், பச்சைக் கிளையோடு முன்னால் ஓடுகிறவர்களும் பெரும்பாலும் மலைவாழ் மக்கள், தற்காலிகக் கூலிக்கு வேலை செய்கிறவர்கள். அவர்களுக்கு நல்ல பூட்ஸும், கையுறையும், மாதம் பிறந்ததும் சம்பளமும் கொடுத்துவிட்டு அப்புறம் விமானத்தைப் பற்றிப் பேசுங்கள்.

நான் கேட்கிற அளவெடுப்புக்கு 450 கோடி தேவையில்லை. ஒரு படகும், ஆழம் பார்க்கிற கருவியும், நீர்வளத்துறையில் இரண்டு பொறியாளர்களும் போதும். வருகிற மார்ச்சில் சாத்தனூரிலும் பவானிசாகரிலும் தொடங்குங்கள், மே மாதத்தில் அதே இடங்களை மறுபடி அளந்து, கணக்கைப் பொதுவில் வையுங்கள். அணைக்குள் எங்கே பட்டமரம் நிற்கிறது, எங்கே பாறை தலைநீட்டுகிறது என்பது அங்கே பரிசல் போடுகிறவர்களுக்கு உங்கள் வரைபடத்தைவிட நன்றாகத் தெரியும், அளக்கப் போகிற படகில் அவர்களில் ஒருவரையும் கூலி கொடுத்து ஏற்றிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கடலூர் முதுநகர்வாசி